பூட்டைத் திறந்த சீர்காழிக்காரர்



ஆகஸ்ட் 12-ஆம் தேதி என்ன நாள்? சட்டென்று பதில் வராது. இந்தியா முழுக்க அன்றைக்கு நூலகர் தினம். யாருடைய பிறந்தநாளை அப்படிக் கொண்டாடுறாங்க தெரியுமா? நம்ம காவிரிக் கரையில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் பிறந்தநாளைத்தான்!

அவர் பெயரில் முதலில் நிற்கும் 'எஸ்' ஒரு ஊர். சீர்காழியை வெள்ளைக்காரர்கள் ஷியாலி என்று எழுதினார்கள். அந்த எழுத்துதான் அது. 1892-இல் அவர் பிறந்தபோது சீர்காழி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போ மயிலாடுதுறை மாவட்டம். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். பேச்சில் திக்குவாய் வேறு. ஆனாலும் விடவில்லை. சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் கணக்கு படித்து, கல்லூரியில் கணக்கு வாத்தியாராகவே ஆனார். திக்குவாயோடு வகுப்பெடுத்து நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் வேலை கிடைத்தது. போய் உட்கார்ந்தால் ஒரே அமைதி. பேச ஆள் இல்லை. மாணவர்கள் சத்தமே இல்லாத அந்த அறை அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய வகுப்புக்கே திரும்பிடலாம்னு நினைத்தார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அங்கே நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தைகளும்கூட உரிமையோடு உள்ளே வந்து புத்தகம் எடுப்பதைக் கண்டார். மனசு மாறிப்போச்சு! லண்டன் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது புத்தகங்களை வகைப்படுத்த ஒரு புது வழியும் தோன்றியது. சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து எந்தப் பொருளையும் செய்யலாம் அல்லவா? அதே மாதிரி எண்களைச் சேர்த்து எந்தப் பாடத்துக்கும் இடம் கொடுத்தார். அதுதான் 1933-இல் வந்த கோலன் பகுப்புமுறை.

அந்தக் காலத்தில் புத்தகம் என்றால் அலமாரியில் பூட்டி வைக்கிற பொருள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சங்கிலி போட்டே கட்டி வைத்திருந்தார்கள். காணாமல் போகாமல் இருந்தால் போதும் என்பதுதான் எண்ணம். ரங்கநாதன் இதைத் தலைகீழாக மாற்றினார். வாசகர்களே அலமாரிக்குப் போய் எடுத்துப் பார்க்க விட்டார். 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை நூலாகவே எழுதினார். அதன் சாரம் இதுதான்: புத்தகம் இருப்பது வாசிக்கத்தான், யாராக இருந்தாலும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்கணும், எந்தப் புத்தகமும் தன்னைப் படிக்கிறவரைப் போய்ச் சேரணும், வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது, நூலகம் என்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அதே 1931-இல் நம்ம மன்னார்குடியில் ஒரு அதிசயம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்ற பெரியவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன் முன்னின்று நடத்திய சென்னை நூலகச் சங்கம் தூண்டிவிட்ட ஆர்வம் அது. கடைமடை வயலுக்குத் தண்ணி போவது போல கடைசி கிராமம் வரைக்கும் புத்தகம் போனது!

நூலகம் யாரோ போடுகிற தர்மமாக இருக்கக் கூடாது, சட்டப்படி மக்களுக்குக் கிடைக்க வேண்டியது என்று அவர் பல வருஷம் போராடினார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நம்ம வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் போகுதே, அது அந்தச் சட்டத்தால்தான்.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போ எதுக்கு என்று கேட்கிறீர்களா? பூட்டு இன்றைக்கும் இருக்கிறது நண்பர்களே! வடிவம்தான் மாறிவிட்டது. அச்சுப் புத்தகத்தை ஒரு நூலகம் வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்புத்தகம் பெரும்பாலும் அப்படி இல்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டி அனுமதி வாங்கணும். கட்டுவதை நிறுத்தினால் பல நேரம் புத்தகமும் போய்விடும். கடவுச்சொல்தான் இன்றைய சங்கிலி.

அப்படின்னா எல்லாத்தையும் இலவசமாக நகல் எடுத்துக் கொள்ளலாமா? அதுவும் தப்பு. எழுதியவர் உழைப்புக்குக் கூலி வேண்டாமா? அதற்குத்தான் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம். எழுதியவர் வாழ்நாளும், இறந்த பிறகு 60 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். ஆனால் அந்தச் சட்டத்திலேயே வாசகனுக்கும் வாசல் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்தைப் பொது நூலகம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதி வரை எடுக்கலாம். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள புத்தகத்தைப் பாதுகாக்கக் கணினியில் ஏற்றி வைக்கலாம். பார்வையற்றோர் படிக்கும்படி மாற்றித் தரவும் வழி செய்தார்கள். பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை மாணவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துத் தருவது தொடர்பான வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது.

மதகை எப்பவும் திறந்தே போட்டால் ஏரி காலியாகும். எப்பவும் மூடியே வைத்தால் பயிர் கருகும். பதிப்புரிமையும் அப்படித்தான்!

ரங்கநாதன் என்ன செய்தார் தெரியுமா? தன் வாழ்நாள் சேமிப்பு 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1961-இல் மனைவி சாரதா பெயரையும் சேர்த்து அறக்கட்டளை தொடங்கி, தன் நூல்களின் வருமானத்தை அதற்கு எழுதி வைத்தார். 1972 செப்டம்பர் 27-இல் பெங்களூரில் காலமானார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் நூல்களுக்கு 2032 கடைசி வரை பதிப்புரிமை உண்டு. ஆனால் அந்த அறக்கட்டளையே அனுமதி கொடுத்து, அவருடைய ஐந்து விதிகள் நூலை அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக இணைய நூலகத்தில் முழுசாக யாரும் படிக்க வைத்தார்கள். உரிமை வைத்திருப்பவர் மனது வைத்தால் பூட்டு தானாகத் திறக்கும்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம பள்ளியிலும் புத்தக அலமாரி இருக்கு. சாவி பெரும்பாலும் மேசை டிராயரில்தான் இருக்கு. ஆசிரியப் பெருமக்களே, மதிய உணவு இடைவேளையில் ஒரே ஒரு அலமாரியையாவது திறந்து வைக்கலாமா? கிழிக்காமல், தொலைக்காமல், அடுத்தவரைக் காக்க வைக்காமல் திருப்பித் தருவது எங்கள் பொறுப்பு.

யோசியுங்கள் நண்பர்களே!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு