தந்தை செல்வாவின் இறைமை வாதம்

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்தவர். குடியியல் வழக்குகளில் தேர்ந்த சட்டத்தரணி. காணி வழக்கில் மூல உறுதிவரை உரித்தைத் தேடிச் செல்லும் பயிற்சியே அவரது அரசியலிலும் தெரிந்தது என்பது எமது எண்ணம்.

1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியபோது அவர் கேட்டது சமஷ்டியே. பண்டாரநாயக்காவுடன் 1957 இலும் டட்லியுடன் 1965 இலும் செய்த ஒப்பந்தங்கள் கைவிடப்பட்டன. 1972 குடியரசு யாப்பை எதிர்த்து நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார். 1975 பெப்ரவரிவரை இழுத்தடிக்கப்பட்ட காங்கேசன்துறை இடைத்தேர்தலில் பெருவெற்றி பெற்றார். மறு ஆண்டு மே 14 இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1619 இல் போர்த்துக்கேயர் போரில் பறித்த இறைமை, பிரித்தானிய முடியின் தொடர்பு அறுந்ததும் தமிழருக்கே மீள வேண்டும் என்பதே வாதம்.

பலஸ்தீனத்தில் யூதர் பண்டைய அரசைக் காட்டினர். அரபு மக்கள் இடையறாத குடியிருப்பைக் காட்டினர். செல்வா இரண்டையும் ஒருசேரக் காட்டினார். எனினும், குடியேற்றவாதிகள் விட்டுச்சென்ற எல்லைகளையே பேணும் சர்வதேச நடைமுறை அவருக்குக் குறுக்கே நின்றது.

முஸ்லிம்களையும் உள்ளடக்கித் 'தமிழ் பேசும் மக்கள்' என்றே அவர் பேசிவந்தார். 1956 இல் கல்முனையில் முஸ்லிம் வேட்பாளர் ஒருவர் தமிழரசுக் கட்சியில் வென்றார். பின்னர் கட்சி மாறினார் என்பது வேறு கதை. ஆனால் 1619 இன் உறுதியில் முஸ்லிம்களின் பங்கு எழுதப்படவில்லை.

1977 ஏப்ரல் 26 இல் அவர் மறைந்தார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றியபோது, அவரது அந்தச் சொற்றொடரை நினைவூட்டும் குரல் குடாநாட்டில் உரத்து எழவில்லை.