ஒரே ஜோடி ஸ்கீயில் மலையும் குதிப்பும்: யார் இந்த சோன்ட்ரே நோர்ஹெய்ம்?

ஸ்கீ வாங்கக் கடைக்குப் போகிறவரை இன்று இரண்டு வரிசைகள் குழப்பும். ஒரு பக்கம் ‘ஆல் மவுண்டன்’. கெட்டிப் பனி, புதுப் பனி, மேடு பள்ளம் என மலை முழுக்க ஓட்டுவதற்கானவை. இன்னொரு பக்கம் ‘பார்க்’. பனியைக் குவித்து மேடு கட்டி, இரும்புக் கம்பிகளை நிறுத்தி, அதில் குதித்துச் சுழன்று விளையாடுவதற்கானவை. காசு இருக்கிறவர் இரண்டையும் வாங்கிக்கொள்வார். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்கிறவர் என்ன செய்வது?

இந்தக் கேள்வியை 19-ஆம் நூற்றாண்டிலேயே தன் கையால் மரத்தைச் செதுக்கித் தீர்க்கப் பார்த்தவர், நார்வேயின் சோன்ட்ரே நோர்ஹெய்ம். நவீனப் பனிச்சறுக்கின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் அவர் வாழ்ந்தது ஏழையாக. இறந்ததும் அப்படித்தான்.

மோர்கெடால் குடிசை

தெற்கு நார்வேயின் டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் என்ற சின்னப் பள்ளத்தாக்கு. 1825 ஜூன் 10 அன்று அங்கே பிறந்தார் சோன்ட்ரே. சொந்த நிலம் கிடையாது. பெரிய பண்ணைக்காரரின் நிலத்தில் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, வாடகைக்கு ஈடாக உழைப்பைக் கொடுக்கும் குடும்பம். நோர்ஹெய்ம் என்பதே பின்னாளில் அவர் குடியிருந்த அப்படியொரு குடிசையின் பெயர்தான்.

ஸ்கீ அப்போது விளையாட்டுப் பொருள் இல்லை. குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்குப் போகவே அது வேண்டும். நம் ஊரில் சைக்கிள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நார்வேயின் சில பகுதிகளில் இரண்டு ஸ்கீயும் ஒரே அளவில்கூட இருக்காது. ஒன்று வழுக்குவதற்கு நீளமாக, மற்றொன்று உந்துவதற்குக் குட்டையாக, அடியில் தோல் ஒட்டியபடி. கையில் ஒரே ஒரு நீளக் கம்பு. வேகம் கூடினால் அந்தக் கம்பின் மேல் சாய்ந்து உட்கார்ந்துதான் பிரேக் போட வேண்டும்.

காலைப் பிடித்திருப்பதோ விரல் பக்கம் ஒரு தோல் வளையம் மட்டும். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் தாவினால் என்ன ஆகும்? அதுதான். காற்றில் எழும்பியதும் கால் ஒரு பக்கம், ஸ்கீ ஒரு பக்கம்.

சோன்ட்ரேவுக்கு இதெல்லாம் போதவில்லை. அவருக்குக் குதிக்க வேண்டும். வீட்டுக் கூரை மேலிருந்து ஸ்கீயோடு பாய்வார், வீட்டு வேலையைப் போட்டுவிட்டுச் சரிவிலேயே கிடப்பார் என்றெல்லாம் ஊரில் கதைகள் உண்டு. கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம்.

இடுப்புள்ள ஸ்கீ

அவர் கை வைத்தது மூன்று இடங்களில்.

முதலில் கட்டு. முறுக்கிய மரவேரையும் மிலாரையும் கயிறு போலாக்கி, குதிகாலைச் சுற்றி வளைத்தார். குதிகால் தூக்கலாம், நடக்கலாம். ஆனால் கால் பக்கவாட்டில் நழுவாது. குதித்து இறங்கினாலும் ஸ்கீ காலோடு வரும்.

அடுத்தது நீளம். ஸ்கீயைக் குட்டையாக்கினார்.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்கீயின் இரு முனைகளும் அகலம், நடு ஒடுக்கம் என்று செதுக்கினார். உடுக்கைக்கு இருப்பது போல ஒரு இடுப்பு, ரொம்ப லேசாக. இன்று இதன் பெயர் ‘சைடுகட்’. நேரான ஓரம் உள்ள ஸ்கீயைச் சாய்த்தால் அது நேராகத்தான் ஓடப் பார்க்கும். இடுப்புள்ளதைச் சாய்த்து அழுத்தினால் நடு வளைந்து பனியைத் தொடும். ஓரம் ஒரு வில்லாகிவிடும். அந்த வில்லின் வழியே ஸ்கீ தானாகத் திரும்பும். கம்பில் உட்காரத் தேவையில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. குட்டையான, வளைந்த ஓரமுள்ள ஸ்கீ, நீளமானதைப் போல நேர்கோட்டில் நிலையாக ஓடாது. அந்த நிலைப்பை விட்டுக்கொடுத்துத்தான் திருப்பத்தையும் குதிப்பையும் வாங்கினார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடுப்பையும் குதிகால் கட்டையும் அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியாகாது. இரண்டுமே ஏதோ ஒரு வடிவில் அங்கங்கே இருந்தவைதான். இவற்றை ஒரே ஜோடியில் சேர்த்து, அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று ஊரறியக் காட்டியது அவர். அதுவே பெரிய வேலை.

அன்றைக்கே ‘பார்க்’

மோர்கெடால் இளைஞர்கள் சரிவில் போடும் தடத்துக்கு ‘லோம்’ என்று பெயர். குதிப்பதற்கான தடம் ‘ஹொப்பெலோம்’. வளைந்து இறங்கும் தடம் ‘ஸ்லாலோம்’. ஒலிம்பிக்கில் பார்க்கும் ஸ்லாலம் இந்தச் சொல்தான். பாறை, வேலி, மேடு, திருப்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் முரட்டுத் தடத்துக்குத் தனிப் பெயரே இருந்தது. அங்கே நடுவில் நின்று ஸ்கீ மாற்றவா முடியும்? குதிக்கவும் திரும்பவும் நிற்கவும் காலில் இருக்கும் அந்த ஜோடிதான்.

இன்று ஒரே ஜோடி தேடுகிறவருக்குச் சொல்லப்படும் யோசனையும் இந்தப் பேரம்தான். காலுக்கு அடியில் அகலம் சுமார் 90 முதல் 100 மில்லிமீட்டர். ரொம்ப விறைப்பும் வேண்டாம், ரொம்பத் துவளவும் வேண்டாம். பின்னோக்கி இறங்க வசதியாகப் பின்முனையும் மேல்நோக்கி வளைந்த ‘ட்வின் டிப்’. பைண்டிங்கை நடுவுக்கு நகர்த்த நகர்த்தச் சுழல்வது சுலபம்; ஆனால் ஆழமான புதுப் பனியில் முன்முனை புதையப் பார்க்கும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை, நீங்கள் மலையில் அதிக நேரம் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். சோன்ட்ரேவுக்கு அதில் குழப்பமே இருக்கவில்லை.

1868: தலைநகரில் ஒரு நாள்

1868 பிப்ரவரியில் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், ஸ்கீ போட்டி. மோர்கெடாலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். பஸ்ஸா, ரயிலா? ஸ்கீயிலேயே போனார் சோன்ட்ரே. வயது 42. போட்டியாளர்களில் பலர் அவரைவிட மிகவும் இளையவர்கள்.

சரிவில் இறங்கினார். மேட்டில் எழும்பிக் குதித்தார், ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்கினார், வளைந்து திரும்பி நின்றார். நகரத்து மக்கள் அதுவரை இப்படிப் பார்த்ததில்லை. பரிசு அவருக்கே. பத்திரிகைகளும் புகழ்ந்தன. அந்த இறக்கத்துக்கு இன்றும் பெயர் ‘டெலிமார்க்’. ஸ்கீ ஜம்ப் போட்டியில் அப்படி இறங்காவிட்டால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்.

அவருக்குப் பின் மோர்கெடாலின் ஹெம்மெஸ்த்வெய்ட் சகோதரர்கள் 1880-களில் கிறிஸ்தியானியாவில் ஸ்கீ பள்ளி தொடங்கி, இந்த வித்தையை நகரத்தாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

மலையே இல்லாத ஊர்

பெயர் வந்தது. காசு வரவில்லை. ஸ்கீ ஓட்டிப் பிழைக்க அன்றைக்கு வழியே கிடையாது. அந்தக் காலத்தில் நார்வே ஏழைகள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1884-இல், 60 வயதை நெருங்கும்போது, மனைவி ரன்னெய்யுடன் சோன்ட்ரேவும் புறப்பட்டார். முதலில் மினசோட்டா, பிறகு இன்றைய வடக்கு டகோட்டா.

பனிக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் கண்ணுக்கு எட்டியவரை தட்டை நிலம். சரிவே இல்லாத ஊரில், திரும்பவும் குதிக்கவும் செய்த ஸ்கீயை வைத்து என்ன செய்ய? ஆனாலும் ஒரு ஜோடி ஸ்கீ எப்போதும் அவர் வீட்டு வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் என்பார்கள்.

1897 மார்ச் 9 அன்று இறந்தார். டென்பிக் அருகே தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பெயர் பொறித்த கல்கூட இல்லை. அந்த இடத்தைத் தேடி நினைவுக்கல் நட்டது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

இதற்கிடையே 1952-இல் குளிர்கால ஒலிம்பிக் ஓஸ்லோவுக்கு வந்தது. கிரீஸிலிருந்து தீபம் கொண்டுவரவில்லை நார்வேக்காரர்கள். மோர்கெடாலில் சோன்ட்ரே பிறந்த வீட்டின் கணப்பு அடுப்பில் தீயை ஏற்றினார்கள். 94 பேர் கைமாற்றி, ஸ்கீயிலேயே ஓஸ்லோவுக்குக் கொண்டுபோனார்கள். 1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா பள்ளத்தாக்கில் ஒலிம்பிக் நடந்தபோதும் தீபம் மோர்கெடாலிலிருந்தே போனது.