நம்ம வீட்டு காலண்டர் முருகனை வரைந்தவர்



போன பௌர்ணமி கிரிவலம் முடிச்சுட்டு, திருவண்ணாமலையில ஒரு டீக்கடையில உட்கார்ந்திருந்தேன். சுவத்துல கண்ணாடி போட்ட பழைய காலண்டர் படம். வள்ளி தெய்வானையோட முருகன். கீழே ஓரமா ஓவியர் கையெழுத்து: சி. கொண்டைய ராஜு. பார்த்ததும் சுருக்குன்னு இருந்துச்சு. இதே மாதிரி ஒரு படத்தை, கையெழுத்து வந்த ஓரத்தை வெட்டிட்டு நம்ம குரூப்ல ஃபார்வர்டு பண்ணவன் நான்தான்.

கொண்டைய ராஜு பிறந்தது 1898. சென்னை ஓவியப் பள்ளியில முறையா படிச்சவர். ஆனா மனசு துறவுல இருந்துச்சு. அலைஞ்சு திரிஞ்சு நம்ம திருவண்ணாமலைக்கே வந்தார், ரமணாசிரமத்துல தங்கினார். ரமணர் கந்தாஸ்ரமத்துல இருந்து 1922-ல கீழே இறங்கி வந்த பிறகுதான் மலையடிவாரத்துல அந்த ஆசிரமம் வளர்ந்துச்சு.

துறவு தேடி வந்தவர் பிறகு போய்ச் சேர்ந்த இடம்தான் ஆச்சரியம். நாடகக் கம்பெனி! சீன் வரையற வேலை. அரண்மனை, தர்பார், நந்தவனம், காடு, தெரு எல்லாமே துணியில தீட்டின படுதாக்கள். ஒரு காட்சி முடிஞ்சா ஒண்ணைச் சுருட்டி மேலே இழுப்பாங்க, அடுத்தது கீழே இறங்கும். ஊர் மாறினா எல்லாத்தையும் மூட்டை கட்டணும். கடைசி வரிசையில தரையில உட்கார்ந்திருக்கிறவருக்கும் தட்டையான துணி நீளமான மண்டபமாத் தெரியணும். தூண்களைப் போகப் போகச் சின்னதா வரைஞ்சு, நிழல் கொடுத்து அந்த ஆழத்தைக் கொண்டு வரணும். பட்டும் ஜரிகையும் கிரீடமும் விளக்கு வெளிச்சத்துல மின்னுற அழகையும் ராத்திரி ராத்திரி மேடையில பார்த்திருப்பார்.

1940-களில் கம்பெனியோட கோவில்பட்டிக்கு வந்தார். கம்பெனி கலைஞ்சு போச்சு. இவர் அங்கேயே தங்கிட்டார். பக்கத்துலயே சிவகாசி, அச்சகங்கள் வளர்ந்துகிட்டு இருந்த நேரம். காலண்டருக்கு சாமி படம் வேணும்னா இவர்கிட்டதான் வந்தாங்க.

இப்போ அந்தப் படங்களைக் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. கருவறையில சாமி இருட்டுல நிப்பார், தீபாராதனை நேரத்துலதான் முகம் நல்லாத் தெரியும். காலண்டர்ல அப்படி இல்ல. முழு வெளிச்சத்துல நேரா நம்மளைப் பார்க்கிறார். பின்னாடி தூண்கள், திரைச்சீலை, தூரத்துல தோட்டம். அப்படியே நாடக மேடை! இதை வெறும் கடைத்தெரு ஓவியம்னு ஒதுக்குறவங்க இருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கோயிலுக்குப் போக முடியாத எத்தனையோ பேருக்கு ஓட்டு வீட்டுச் சுவத்துல இருந்த சந்நிதி அதுதான்.

கல்யாணம் பண்ணிக்கல. சீடர்கள்தான் குடும்பம். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம்னு பலரை உருவாக்கினார். குருவும் சுப்பையாவும் சேர்ந்தே கையெழுத்துப் போட்ட படங்கள் நிறைய. தனிப் பேரு வேணும்னு அவர் அடம் பிடிக்கல. அதுக்காக நாம பேரையே வெட்டலாமா?

1976-ல காலமானார்.

உங்க தாத்தா பாட்டி வீட்டுப் பூஜை அறையில பழைய படம் இருந்தா, கீழ் ஓரத்தைத் துடைச்சுப் பாருங்க. கையெழுத்து இருந்தா அதோட சேர்த்து போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க. நான் வெட்டின படத்தையும் இன்னைக்கு முழுசா மறுபடி போடுறேன்.

வேலும் மயிலும் துணை.