கமில்லோ கோல்கி

உயிரணுவைப் பற்றிப் படிக்கும் மாணாக்கர் எவரும் கோல்கி என்ற பெயரை அறிவர். உயிரணுவில் உண்டாகும் புரதங்களைப் பக்குவப்படுத்தி, வகை பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்பும் உறுப்புக்கு அப்பெயர் வழங்குகிறது. அவ்வுறுப்பு உண்மையில் உண்டா இல்லையா என்று அரை நூற்றாண்டு வழக்கு நடந்ததை அறிந்தோர் சிலரே.

கமில்லோ கோல்கி 1843-ம் வருஷம் வட இத்தாலியில் கோர்தெனோ என்னும் மலைக்கிராமத்தில் ஒரு வைத்தியரின் குமாரராகப் பிறந்தார். பவியா சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1865-ல் பட்டம் பெற்றார். 1872-ல் அப்பியாதெகிராசோ என்ற சிற்றூரில், தீராப் பிணியாளருக்கான ஆஸ்பத்திரியில் உத்தியோகம் ஏற்றார். அங்கே ஆராய்ச்சிசாலை இல்லை. ஒரு சமையலறையே அவருக்கு ஆராய்ச்சிசாலையாயிற்று.

அக்காலத்தில் மூளைத் திசுவை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நரம்பணுக்கள் பின்னிக் கிடக்கும் புதராகவே தோன்றும். கோல்கி திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். 1873-ல் பலன் கிட்டியது. மிகச் சில அணுக்கள் மட்டும் கிளைகளோடு கறுத்துத் தெளிவாக நின்றன. எல்லாம் கறுத்திருந்தால் ஒன்றும் விளங்கியிராது.

1898-ல் அம்முறையைச் சிறிது மாற்றி ஆந்தையின் சிறுமூளை அணுக்களைச் சோதிக்கையில், அணுவுக்குள்ளே ஒரு நுண்ணிய வலையைக் கண்டார். வெள்ளி படிந்ததால் விளைந்த போலித் தோற்றமே அது என்று பலர் மறுத்தனர். அவ்வாட்சேபம் அநியாயமானதென்று நாம் கூறமாட்டோம். சாயம் உள்ளதைக் காட்டும். இல்லாததை உண்டாக்கவும் கூடும்.

இதற்கிடையே, நரம்பணுக்கள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்த தொடர்வலை என்று கோல்கி சாதித்துவந்தார். ஸ்பெயின் தேசத்து ரமோன் இ காஹாலோ, கோல்கியின் சாயத்தையே கையாண்டு, ஒவ்வோர் அணுவும் தனித்தது என்றார். 1906-ல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு பெற்ற சமயத்தில் நிகழ்த்திய சொற்பொழிவிலும் கோல்கி தமது கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. 1926-ல் அவர் பவியாவில் காலமானார்.

1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இரு வழக்குகளுக்கும் தீர்ப்பளித்தது. வெள்ளியின் உதவியின்றியே கோல்கி உறுப்பு அதில் புலப்பட்டது. நரம்பணுக்களிடையே உள்ள நுண்ணிய இடைவெளியும் புலப்பட்டது. ஒன்றில் கோல்கி வென்றார், மற்றொன்றில் தோற்றார்.

பார்த்த கண்ணும் ஒன்று, தீட்டிய வெள்ளியும் ஒன்று. ஆயினும் ஒன்று மெய், ஒன்று பொய். கண்டவர் கீர்த்தி வாய்ந்தவர் என்பதற்காக எதையும் ஏற்கவும் வேண்டாம். சந்தேகம் எழுந்ததென்று எதையும் தள்ளவும் வேண்டாம். வேறொரு வழியில் வரும் சாட்சியத்துக்குக் காத்திருப்பதே விவேகம் என்பது நமது அபிப்பிராயம்.