கூடு சொன்ன செய்தி

நுழையும்முன்

தமிழகத்தின் வடகோடியில் தொடங்கி ஆந்திர மாநிலத்துக்குள் விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. அதன் கரையில் வாழும் மீனவர்களுக்குக் காற்றின் போக்கும் நீரின் நிறமும் செய்தி சொல்லும். பறவைகளும் அவ்வாறே நிறத்தாலும் ஒலியாலும் அசைவாலும் தம் இனத்தோடு பேசுகின்றன. அந்தப் பேச்சைப் பொறுமையுடன் கண்டறிந்த சலீம் அலியின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குருவி காட்டிய வழி

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் படர்ந்திருந்தது. அது எவ்வகைக் குருவி என்று அறியும் ஆவல், அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் கொண்டு சேர்த்தது. பாடம்செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை மில்லார்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். ஓர் இறகின் நிறம்கூட ஓர் இனத்தின் அடையாளமாகும் என்பதை அச்சிறுவன் அங்கே அறிந்தான்.

வேலை போயிற்று, வழி பிறந்தது

பறவையியலைத் தொழிலாகக் கொள்வது அக்காலத்தில் எளிதன்று. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் அவருக்குப் பணி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். பின்னர் விடுப்பெடுத்து ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் பேரறிஞர் எர்வின் ஸ்ட்ரெசமானிடம் பயிற்சி பெற்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

கற்ற கல்விக்கு வேலை இல்லாத நிலையில், சலீம் அலியும் அவர்தம் மனைவி தெஹ்மினாவும் கிகிம் என்னும் சிற்றூரில் குடியேறினர். பம்பாய்க்கு அருகே உள்ள அவ்வூரும் பழவேற்காட்டுக் குப்பங்களைப் போலக் கடலோரத்தில் அமைந்தது. வீட்டின் அருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. எவரும் நாள்தோறும் கண்டு கடந்துபோகும் அக்காட்சியையே அவர் தம் ஆய்வுக்களமாகக் கொண்டார். ஏணியின் மீது மறைவிடம் அமைத்து, மழைக்காலம் முழுவதும் கூடுகளை உற்றுநோக்கினார்.

பாதிக் கூட்டின் புதிர்

மற்றப் பருவங்களில் ஆண் தூக்கணாங்குருவிக்கும் பெண் குருவிக்கும் தோற்றத்தில் வேறுபாடு மிகுதியில்லை. மழைக்காலம் நெருங்கும்போது ஆண் குருவியின் தலையும் மார்பும் பொன்மஞ்சள் நிறம் பெறும். முகம் கரும்பழுப்பாக மாறும். அது நெல் தாளையும் பனையோலையையும் கீறி, நார் எடுத்துக் கூடு பின்னத் தொடங்கும். தன் கூட்டைச் சூழ்ந்த சிறு எல்லைக்குள் வேறு ஆண் குருவி நுழைந்தால் விரட்டும். அயலார் கூட்டிலிருந்து நார் திருடுவதும் உண்டு.

ஒரே மரத்தில் நிறைவுற்ற கூடுகளோடு பாதியில் விடப்பட்ட கூடுகளும் தொங்கும். அவை ஆண் குருவி இளைப்பாறக் கட்டியவை என்ற எண்ணம் முன்னர் நிலவியது. சலீம் அலி கண்ட உண்மை வேறு. ஆண் குருவி பாதிக் கூட்டிலேயே வேலையை நிறுத்தும். பெண் குருவிகள் வரும்போது சிறகடித்துப் பாடி அழைக்கும். பெண் குருவி உள்ளே சென்று, நாரை இழுத்துப் பார்த்து ஆராயும். அது ஏற்றுக்கொண்டால்தான் ஆண் குருவி முட்டையறையையும் நீண்ட நுழைவாயிலையும் கட்டி முடிக்கும். ஏற்கப்படாத கூடு பாதியிலேயே நின்றுவிடும். பெண் குருவி அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி அடுத்த கூட்டைப் பின்னி வேறோர் இணையை அழைக்கும். பொன்னிறமும் பாட்டும் அழைப்பு மட்டுமே. தேர்வு பெண் குருவியின் உரிமை. இந்த ஆய்வை அவர் வெளியிட்டபோது, பறவையியல் உலகம் அவரை அறிந்துகொண்டது.

பூநாரைகளின் நாடு

1939இல் தெஹ்மினா மறைந்தார். உற்ற துணையை இழந்த துயரிலும் அவர் பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 1945இல் கட்ச் பகுதியின் பெரிய உப்புச் சதுப்பில், இலட்சக்கணக்கான பூநாரைகள் சேற்று மேடுகளில் குஞ்சு பொரிக்கும் இடத்தை ஆராய்ந்தார். பழவேற்காட்டு ஏரியில் குளிர்காலத்தில் கூட்டமாக இரைதேடுவதும் இவ்வினமே. இணைசேரும் பருவம் நெருங்கும்போது பூநாரைகள் கூட்டமாக அணிவகுத்து நடந்து, தலையை இருபுறமும் திருப்பி, சிறகை விரித்து மடக்கும். விரிந்த சிறகில் சிவப்பும் கருமையும் மின்னும். தூக்கணாங்குருவி கூட்டால் உரைப்பதைப் பூநாரை நடனத்தால் உரைக்கிறது.

நிறைவு

டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து பத்துத் தொகுதிகளாகப் பறவைக் கையேட்டை அவர் உருவாக்கினார். 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மறைந்தார். கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் இயங்கிவருகிறது. பட்டமும் பதவியும் இல்லாத காலத்தில், வீட்டருகே தொங்கிய கூட்டை ஊன்றிக் கவனித்ததே அவரது பெருமைக்கு அடித்தளமாயிற்று. அறிவியலுக்குத் தொலைதூரப் பயணம் எப்போதும் தேவையில்லை. கண்முன் உள்ளதைக் கருத்தோடு காணும் பொறுமை எப்போதும் தேவை.