செத்தும் கொடுத்த சீதக்காதி: வள்ளல் என்ற சொல்லின் எடை

நம் குமரி மாவட்டத்தில் வள்ளல் என்ற சொல் மலிந்துவிட்டது. மண்டபத்துக்கு நாலு மின்விசிறி தந்தவரும் சுவரொட்டியில் வள்ளல்தான். டீக்கடையில் காசு கொடுக்கும் நேரத்தில் நழுவுகிறவரையும் பெரிய வள்ளல் என்றே கேலி செய்கிறோம். பள்ளிவாசல் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தையே மறைக்கிறது!

இதே சொல்லை நாடே சேர்ந்து ஒரு தமிழ் முஸ்லிமுக்குக் கொடுத்த காலமும் உண்டு. அவர் கீழக்கரை சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெயர்தான் தமிழ் நாவில் உருண்டு அப்படி ஆனது. 17ஆம் நூற்றாண்டில் கப்பல் வணிகம் செய்த மரக்காயர். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். நம் தக்கலை பீர் முஹம்மது அப்பா (ரஹ்) வாழ்ந்ததும் அதே நூற்றாண்டில்தான்.

சீதக்காதியின் ஆன்மிக வழிகாட்டி ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்). அந்தப் பெயரிலேயே ஸதகா இருக்கிறது. அரபியில் உண்மை என்பதற்கும் தர்மம் என்பதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. கரீம் என்றால் கொடையாளி; கண்ணியமானவர் என்ற பொருளும் அதற்கு உண்டு. வாங்குகிறவனின் மானத்தைக் கெடுத்துவிட்டுக் கொடுப்பதை அரபி அகராதியில் எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சீதக்காதியைப் பாடிய படிக்காசுப் புலவர் சைவர். நெல்லைப் பொன்னுக்கு நிகராக நிறுத்து விற்ற பஞ்ச காலத்திலும் அவர் வீட்டில் சோறு கிடைத்தது என்பது புலவர் விட்டுச்சென்ற சாட்சி. உண்ண வந்தவரிடம் மார்க்கம் கேட்கப்படவில்லை. விலை ஏறும்போது பூட்டி வைத்தால் லாபம் என்பது ஒரு வணிகருக்குத் தெரியாததா? பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறப்பதுதான் சோதனை.

அவர் மறைந்த பின் வந்த புலவர் ஒருவர் கப்ரருகே அழுது பாட, மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்று ஒரு கதை. செத்தும் கொடுத்தவர் என்ற பேச்சு வழக்கு அதை ஒட்டியது. 2018இல் ஒரு சினிமாவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். ஆலிம் என்ற முறையில் இந்தக் கதையை நான் மிம்பரில் சொல்வதில்லை. இறந்த பிறகும் நன்மை தொடரும் தர்மத்தை நம் நபி (ஸல்) கற்றுத் தந்திருக்கிறார்கள். சீதக்காதி விஷயத்தில் அதற்கு மோதிரம் தேவையே இல்லை, சீறாப்புராணம் இருக்கிறது.

நபிகளாரின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி உமறுப் புலவரைத் தூண்டியவர் அவரே. தமிழ் மட்டுமே அறிந்த மக்களுக்கு அது எத்தனை பெரிய கொடை! செய்திகளைத் தர ஸதக்கத்துல்லாஹ் அப்பா முதலில் தயங்கி, பிறகு இசைந்தார்கள் என்பது வரலாறு. நூல் முடியுமுன் சீதக்காதி வஃபாத்தாகிவிட்டார். அதன் பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் புலவரைத் தாங்கினார்.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றுக்குள் உமறு நன்றியோடு புகழ்ந்து பாடும் புரவலர் அபுல் காசிம்தான். தொடங்கி வைத்தவர் கீழக்கரையில் அடங்கியிருக்கிறார்.