அணு மின்சாரக் கனவு கண்ட ஹோமி பாபா

பம்பாயில் பிறந்து, பம்பாயிலேயே இந்திய அணுசக்திக்கு அஸ்திவாரம் போட்டவர் டாக்டர் ஹோமி பாபா. டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அணுவில் இருந்து மின்சாரம் எடுப்பது இந்த நாட்டுக்குத் தேவையா, கட்டுப்படியாகுமா என்ற வாதம் அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது. அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அது ஓயவில்லை.

செல்வக் குடும்பம்

பாபா 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை வக்கீல். அத்தை, சர் தொராப்ஜி டாட்டாவின் மனைவி. பையன் சீமைக்குப் போய் என்ஜினீயரிங் படித்துத் திரும்பி, ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பெரிய பொறுப்பு ஏற்க வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள்.

1927-ல் கேம்பிரிட்ஜ் சென்ற பாபாவின் மனமோ பவுதிகத்தில் லயித்துவிட்டது. என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கினால், பிறகு விருப்பப்படி படிக்கலாம் என்றார் தந்தை. 1930-ல் முதல் வகுப்பு வாங்கிக் காட்டினார் மகன். 1935-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1939-ல் விடுமுறைக்கு ஊர் வந்தார். அந்த நேரத்தில் உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பவுதிகத் துறையை நடத்தி வந்தவர் சர் சி.வி. ராமன். 1941-ல், 31 வயதிலேயே, லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார் பாபா.

முன்கூட்டியே கண்டார்

1944 மார்ச் மாதம் டாட்டா அறக்கட்டளைக்கு பாபா ஒரு கடிதம் எழுதினார். அணுவில் இருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்கு ஓடக்கூடாது. இப்போதே ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு எழுதிய கடிதம் அது.

அதன் பலனாக 1945-ல் டாட்டா ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. 1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. பாபா அதன் தலைவரானார். 1954-ல் அணுசக்தி இலாகா ஏற்பட்டபோது, அதன் செயலாளரும் அவரே. பிரதமர் நேருவிடம் நேரே போய்ப் பேசக்கூடிய நிலையில் இருந்தார். 1956 ஆகஸ்டு 4-ந் தேதி டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது.

நிலக்கரிக் கணக்கு

பாபாவின் வாதம் எளிமையானது. நிலக்கரி பீகாரிலும் வங்காளத்திலும் கிடைக்கிறது. பம்பாய்க்கு வர ஏறத்தாழ 1,700 கிலோ மீட்டர் ரெயிலில் வர வேண்டும். தூரம் கூடக்கூட கூலியும் கூடும், வேகன்களும் முடங்கும். அணு உலைக்கோ ஆண்டு முழுவதுக்கும் சில லாரிகளில் அடங்கும் யுரேனியம் போதும். ஆகவே சுரங்கங்களுக்குத் தொலைவான ஊர்களில் அணு மின்சாரம் கட்டுப்படியாகும் என்றார்.

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம். கேரளக் கடற்கரையிலும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் உள்ள மணலில் அது கிடைக்கிறது. யுரேனியத்தில் தொடங்கி, மூன்று கட்டங்களில் தோரியத்துக்குப் போய்ச் சேருவது அவர் வகுத்த திட்டம். 1980-க்குள் 8,000 மெகாவாட் அணு மின்சாரம் கிடைக்கும் என்றும் அவர் கணக்கிட்டார்.

எதிர்த்தவர்கள்

எதிர்த்தவர்களும் சாமானியர்கள் அல்ல. டாக்டர் மேகநாத் சாகா உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. 1952-ல் சுயேச்சையாக நின்று லோக்சபைக்குத் தேர்வானவர். அவர் அணுசக்தியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களில் ஆட்களைத் தயார் செய்யாமல், எல்லாவற்றையும் ரகசியமாக ஓர் இலாகாவுக்குள் பூட்டி வைப்பது தவறு என்று 1954-ல் சபையில் வாதாடினார்.

இன்னொரு எதிர்ப்பு பாபாவின் சொந்தக் கழகத்தில் இருந்தே வந்தது. கணித மேதையும் சரித்திர ஆசிரியருமான டி.டி. கோசாம்பி, பூனாவில் இருந்து டெக்கான் குயின் ரெயிலில் பம்பாய்க்கு வேலைக்கு வந்து போனவர். வெயில் கொட்டிக் கிடக்கும் நாட்டில் கோடிகளை அணுவில் போடுவானேன், கிராமத்துக்கு ஏற்றது சூரிய சக்திதான் என்றார் அவர். 1962-ல் கழகத்தில் அவரது பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

பனிமலையில் முடிவு

பம்பாய்க்கு வடக்கே சுமார் 100 கிலோ மீட்டரில், பொய்சர் ரெயில் நிலையம் அருகே தாராப்பூரில், அமெரிக்க உதவியுடன் இந்தியாவின் முதல் அணு மின் நிலையத்துக்கு ஏற்பாடு செய்தார் பாபா. அது 1969-ல் மின்சாரம் தந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1966 ஜனவரி 24-ந் தேதி, வியன்னா கூட்டத்துக்குப் போகும் வழியில், அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56. அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் கோசாம்பியும் காலமானார்.

கணக்கு என்ன ஆனது?

1980 வந்தபோது நாட்டில் இருந்த அணு மின்சாரம் 600 மெகாவாட் சுமார்தான். 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு வெளிநாடுகள் கை விரித்தது ஒரு காரணம். கட்டுமானத் தாமதம் இன்னொரு காரணம். பாபா சொன்ன 8,000 மெகாவாட்டை நாடு தாண்டியது 2024-ல். கோசாம்பி சொன்ன சூரிய மின்சாரமோ 2025-ல் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் சூரியன் மாலையில் மறைகிறது. அணு உலை இரவிலும் ஓடுகிறது. மொத்த மின்சாரத்தில் அணுவின் பங்கு நூற்றுக்குச் சுமார் மூன்று.

பாபா தயார் செய்த ஆட்கள் பொய்க்கவில்லை. வெளிநாடுகள் உதவியை நிறுத்தியபோது, ராஜஸ்தானில் பாதியில் நின்ற உலையை முடித்தவர்கள் அவர்களே. தவறியது காலக் கணக்கு. அந்தக் கணக்கை வெளிப்படையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் சாகாவும் கோசாம்பியும் கேட்டார்கள். புதிதாக ஓர் அணு உலை கட்டப்போவதாகச் செய்தி வரும்போதெல்லாம், செலவு எவ்வளவு, எப்போது முடியும், கழிவை எங்கே வைப்பது என்று அந்த ஊர் மக்கள் கேட்கிறார்கள். கேள்வி பழையதுதான், பதில் அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.